பாடுபவருக்காகக் கீபோர்டில் கார்டு ட்ராக் பதிவு செய்யும் முறை

பாடுபவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் கீபோர்டோடு அமர்ந்திருக்க முடியாது. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்பவருக்கும், பள்ளி ஆண்டு விழாவில் பாடப் போகும் குழந்தைக்கும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு புதிய பாடலைக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடற்குழுவுக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: மெட்டு வாசிக்கப்படாமல், தாளமும் பேஸும் (அடிநாதம்) கார்டுகளும் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) மட்டும் ஒலிக்கும் ஒரு பதிவு. மெல்லிசைக் குழுக்களில் இதை மைனஸ் ட்ராக் என்பார்கள். ஸ்டைல் வசதி, அதாவது நாம் பிடிக்கும் கார்டுக்கேற்ப டிரம்ஸ், பேஸ் முதலியவற்றைத் தானாகவே வாசிக்கும் வசதி, உள்ள சாதாரணக் கீபோர்டு ஒன்று இருந்தால், ஸ்டுடியோவுக்குப் போகாமலே இதை நன்றாகச் செய்துவிடலாம். யமஹா, கேசியோ, கோர்க் என நிறுவனத்துக்கு நிறுவனம் பொத்தான்களின் பெயரும் இடமும் மாறுமே தவிர, அடிப்படை வேலைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

தொடங்குவதற்கு முன் ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஸ்டைலோடு வாசிப்பதைக் கீபோர்டின் உள்நினைவகத்தில் பதிவு செய்யும்போது அங்கே ஒலி பதிவாவதில்லை. எந்த ஸ்டைல், என்ன டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை பீட்), எத்தனையாவது பாரில் (தாளச் சுற்றில்) எந்தக் கார்டு பிடிக்கப்பட்டது, ஃபில்-இன் (பகுதி மாறும்போது வரும் டிரம்ஸ் உருட்டல்) பொத்தான் எப்போது அழுத்தப்பட்டது என்ற குறிப்புகள்தாம் பதிவாகின்றன. பிறகு அதை ஒலிக்கவிடும்போது கீபோர்டு அந்தக் குறிப்புகளைப் படித்து, முழு வாத்தியக் குழுவையும் புதிதாக வாசித்துக் காட்டுகிறது. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்காக 1983-இல் அறிமுகமான மிடி முறையும் இதே கருத்தின் மேல்தான் நிற்கிறது. இதனால் நமக்குக் கிடைக்கும் வசதி மிகப் பெரியது. 96 டெம்போவில் கார்டு மாற்றத் திணறுகிற ஒருவர் 70 டெம்போவில் நிதானமாகப் பதிவு செய்துவிட்டு, ஒலிக்கவிடும்போது 96-க்கு உயர்த்திக்கொள்ளலாம். ஒலியின் தரம் சிறிதும் கெடாது. ஆகவே முதலில் உள்நினைவகப் பதிவு, எல்லாம் திருத்தமான பிறகே ஒலிப்பதிவு என்பதுதான் சரியான வரிசை. கைப்பேசியை அருகில் வைத்துவிட்டு முதல் கார்டிலிருந்து கடைசிக் கார்டு வரை ஒரே மூச்சில் வாசிக்க முயல்பவர்கள், மூன்றாவது நிமிடத்தில் வரும் ஒரு பிழைக்காக முழுவதையும் மறுபடி வாசித்துச் சோர்ந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காகிதத்தில் செய்ய வேண்டியது

கீபோர்டை இயக்குவதற்கு முன்பே பாடலின் வரைபடம் காகிதத்தில் இருக்க வேண்டும். பல்லவி எத்தனை பார், அனுபல்லவி எத்தனை, சரணத்துக்கு முன்னுள்ள இடையிசை எத்தனை, பல்லவிக்குத் திரும்பும்போது அது ஒருமுறையா இருமுறையா என்பதையெல்லாம் எழுதி, ஒவ்வொரு பாருக்கும் ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் கார்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வரிக்கு நான்கு கட்டம் என்று வைத்தால் கண் தடுமாறாது.

டெம்போவைக் கண்டுபிடிக்க, பாடுபவரைப் பாடச் சொல்லி 15 விநாடிக்குள் விழும் பீட்டுகளை எண்ணி நான்கால் பெருக்குங்கள்; 24 பீட் என்றால் டெம்போ 96. டேப் டெம்போ பொத்தான் உள்ள கீபோர்டில் பாட்டோடு சேர்த்துத் தட்டினாலே போதும். டெம்போ தெரிந்துவிட்டால் நீளமும் தெரிந்துவிடும். 96 டெம்போவில் 4/4 தாளத்தின் ஒரு பார் 2.5 விநாடி நீளும். எட்டுப் பார் பல்லவி 20 விநாடி. மூன்றரை நிமிடப் பாடலுக்கு 84 பார். மேடையில் மூன்று நிமிடம்தான் தருவார்கள் என்றால், எந்த இடையிசையைக் குறைப்பது என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

தாளத்தைப் பொறுத்தவரை ஆதிதாளப் போக்குள்ள பாடல்கள் 4/4 ஸ்டைல்களில் அமர்ந்துவிடும். திஸ்ர நடையில் ஓடுபவற்றுக்கு 6/8 அல்லது 3/4 ஸ்டைல் தேவை. மிச்ர சாபு போன்ற ஏழின் கணக்குக்கு ஆயத்த ஸ்டைல் கிடைப்பது அரிது. அத்தகைய பாடலை 4/4 ஸ்டைலுக்குள் திணிக்க முயல வேண்டாம். மெட்ரோனோமை 7 என்று அமைத்து, ஸ்டைல் இல்லாமல் கையால் கார்டு வாசித்துப் பதிவு செய்வதே நேர்மையான வழி.

சுருதி

பாடுபவரின் கட்டை எது என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. அரைக்கட்டைகள் இவற்றுக்கு இடையேயுள்ள கறுப்பு விசைகள். ஐந்தரைக் கட்டையில் பாடும் ஒருவருக்கு ஜி ஷார்ப் சுருதி வேண்டும். அந்த சுருதியிலேயே வாசிக்கப் பழகாதவர்கள், வாசிப்பதை அரைச்சுரக் கணக்கில் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் வசதியைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சி-யில் வாசித்து டிரான்ஸ்போஸை மைனஸ் நான்கு என்று இறக்குவதைவிட, ஜி-யில் வாசித்துப் பிளஸ் ஒன்று என்று ஏற்றுவதே மேல். ஸ்டைல், தனக்குக் கிடைத்த கார்டுக்கேற்பப் பேஸையும் கிதாரையும் பொருத்தமான ஸ்தாயியில் வைத்து வாசிக்கும். டிரான்ஸ்போஸ் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மொத்தமாக நகர்த்தும். நான்கு அரைச்சுரம் கீழே இறங்கிய பேஸ், சிறிய ஸ்பீக்கர்களில் காதுக்கே எட்டாமல் போய்விடும்.

இடக்கையின் மொழி

ஸ்டைல் பொத்தானை அழுத்தி, கார்டை அறியும் வசதியையும் இயக்கிவிட்டால், விசைப்பலகை இரண்டாகப் பிரிந்து, இடப்பக்கம் கார்டுக்கான பகுதியாகிவிடும். யமஹாவின் வீட்டு உபயோக மாடல்களில் இந்த எல்லை வழக்கமாக நடு சி-க்குக் கீழே உள்ள எஃப் ஷார்ப். இதை மாற்றிக்கொள்ளவும் முடியும்.

ஒரு விரல், இரு விரல் சுருக்கு முறைகளும் உண்டு. யமஹாவில் மூலச்சுரத்தை (கார்டுக்குப் பெயர் தரும் சுரத்தை) மட்டும் அழுத்தினால் மேஜர் கார்டு. அதன் இடப்பக்கத்தில் மிக அருகிலுள்ள கறுப்பு விசையைச் சேர்த்தால் மைனர். அருகிலுள்ள வெள்ளை விசையைச் சேர்த்தால் செவன்த். இரண்டையும் சேர்த்தால் மைனர் செவன்த். கேசியோவின் சுருக்கு முறையில் மூலச்சுரத்துக்கு வலப்பக்கம் எத்தனை விசைகளைச் சேர்க்கிறோம் என்பதே கணக்கு: ஒன்று சேர்த்தால் மைனர், இரண்டு சேர்த்தால் செவன்த், மூன்று சேர்த்தால் மைனர் செவன்த். தொடக்கநிலையில் இவை உதவும். ஆனாலும் பதிவுக்கு வரும்போது முழுக் கார்டாகப் பிடிக்கும்படி நான் வற்புறுத்துவேன். சுருக்கு முறையில் விரல் தவறி அடுத்த வெள்ளை விசையில் லேசாகப் பட்டாலே செவன்த்தாக மாறி, பாடுபவரின் காதில் ஒரு வேண்டாத நிஷாதம் விழும். மூன்று சுரங்களை முறையாகப் பிடிப்பவரின் கைக்கு இந்த விபத்து அரிதாகவே நேரும்.

சில கார்டுகளைக் கீபோர்டு நாம் நினைத்தபடி புரிந்துகொள்ளாது. சி சிக்ஸ்த், ஏ மைனர் செவன்த் இரண்டிலும் சி, ஈ, ஜி, ஏ என்ற அதே நான்கு சுரங்கள்தாம். எது மூலச்சுரம் என்று கீபோர்டுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். மூலச்சுரத்தை அடியில் வைத்துப் பிடித்தால் குழப்பம் வராது. கார்டைத் திருப்பிப் பிடித்து ஈ-யை அடியில் வைத்தாலும், எளிய மாடல்களில் பேஸ் சி-யையே வாசிக்கும். பேஸ் ஈ-யில் நடக்க வேண்டுமானால், அடியில் உள்ள சுரத்தையே பேஸாக எடுத்துக்கொள்ளும் முறை உங்கள் கீபோர்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ராகம் தழுவிய பாடல்களுக்கு

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று செல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் பாடல்களுக்குப் போடப்படும் ட்ராக்குகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மேற்கத்தியப் பயிற்சி நூல்களில் வரும் சி, எஃப், ஜி என்ற மூன்று கார்டுகளை மோகன ராகப் பாடலுக்கு அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சி-யை ஷட்ஜமாகக் கொண்டால் மோகனத்தின் சுரங்கள் சி, டி, ஈ, ஜி, ஏ. எஃப் மேஜரைப் பிடித்தவுடன் ராகத்தில் இல்லாத மத்யமம் வந்துவிடுகிறது. ஜி மேஜரின் நடுவில் இருக்கும் பி, ராகத்தில் இல்லாத நிஷாதம். பாடுபவர் தூய மோகனத்தில் ஒரு நீண்ட பஞ்சமத்தைப் பிடித்து நிற்கும்போது அடியில் நிஷாதம் ஒலித்தால், அவருடைய பிடியே தளர்ந்துவிடும்.

ராகத்துக்குள்ளேயே நின்று கிடைக்கும் கார்டுகளை எண்ணிப் பார்த்தால் வறுமை ஒன்றுமில்லை. சி மேஜர், ஏ மைனர், சி சிக்ஸ்த் மூன்றும் முழுமையாக மோகனத்துக்குள் அடங்குகின்றன. சி, டி, ஜி சேர்ந்த சி சஸ் டூவும், டி, ஜி, ஏ சேர்ந்த டி சஸ் ஃபோரும் அடங்குகின்றன. பஞ்சமத்தில் நிற்க வேண்டிய இடத்தில் ஜி-யையும் டி-யையும் மட்டும் பிடித்தால், மேஜரும் இல்லாமல் மைனரும் இல்லாமல் மூலமும் ஐந்தாம் சுரமும் மட்டும் ஒலிக்கும். பல கீபோர்டுகள் இந்த இரு சுரப் பிடியை ஏற்று, ஸ்டைலின் மற்ற வாத்தியங்களிலும் மூன்றாம் சுரத்தை விட்டுவிடும். ஹம்சத்வனியில் நிலைமை வேறு. அங்கே நிஷாதம் இருப்பதால் ஜி மேஜர், ஈ மைனர், சி மேஜர் செவன்த் எல்லாம் வரலாம். மத்யமமும் தைவதமும் இல்லாததால் எஃப் மேஜரும் ஏ மைனரும் வரக் கூடாது. எந்த ராகமானாலும், அதன் சுரங்களை ஒரு வரியாக எழுதி, அவற்றுக்குள் அடங்கும் கார்டுகளை மட்டும் அடுத்த வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். மெல்லிசைப் பாடல்களில் இசையமைப்பாளர்கள் வேண்டுமென்றே ராகத்துக்கு வெளியே போவது உண்டு, அது அழகாகவும் இருக்கும். ஆனால் அது தெரிந்து செய்ததாக இருக்க வேண்டும்.

ஸ்டைலின் இன்ட்ரோவிலும் (ஆயத்த முன்னிசையிலும்) இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல இன்ட்ரோக்கள் நாம் பிடித்த ஒரே கார்டில் நில்லாமல், தாமாகவே நான்காம், ஐந்தாம் கார்டுகளுக்குப் போய்த் திரும்பும்படி அமைக்கப்பட்டவை. நீங்கள் சி-யை மட்டும் பிடித்திருந்தாலும் எஃப் மேஜர் ஒலித்துவிடும். எனவே ராகப் பாடலுக்கு இன்ட்ரோ பொத்தானைத் தவிர்த்து, பாட்டு முழுவதும் திரும்பத் திரும்ப ஓடும் மெயின் பகுதியையே நான்கு பார் ஓடவிட்டு முன்னிசையாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

கார்டு ட்ராக்கைப் பதிவு செய்தல்

ஸ்டைலைத் தேர்ந்தெடுக்கும்போது ஆடம்பரமானதை நாட வேண்டாம். மெயின் ஏ பகுதியில் டிரம்ஸும் பேஸும் ஒரு கிதாரும் மட்டும் உள்ள எளிய ஸ்டைல், பாடுபவருக்கு மூச்சுவிட இடம் தரும். பிராஸும் ஸ்டிரிங்ஸும் இடைவிடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும் ஸ்டைல் வாத்திய இசைக்குப் பொருந்தலாம். பாட்டுக்கு அது இடையூறு. ஸ்டைலின் பாகங்களைத் தனித்தனியே நிறுத்தும் வசதி இருந்தால், ஃப்ரேஸ் (இடையே வரும் சிறு மெட்டுத் துணுக்குகள்) என்று குறிக்கப்பட்டவற்றை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பல சமயம் அதுவே நமக்கு வேண்டிய ட்ராக்காக இருக்கும்.

காலியான ஒரு யூசர் பாடல் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ரெக்கார்டு பொத்தானைப் பிடித்தபடி கார்டு ட்ராக்குக்குரிய பொத்தானை அழுத்துங்கள். பழைய பதிவு உள்ள ட்ராக்கில் மீண்டும் பதிவு செய்தால் பழையது அழிந்துவிடும் என்பதால், எண்ணை இருமுறை சரிபார்க்க வேண்டும். யமஹாவின் சில மாடல்களில் கார்டு அறியும் வசதியைப் பதிவின் நடுவில் இயக்கவோ நிறுத்தவோ முடியாது. டிரான்ஸ்போஸ், எதிரொலி வகை போன்றவற்றையும் முன்கூட்டியே அமைத்துவிடுவது நல்லது. சிங்க் ஸ்டார்ட்டை இயக்கிவிட்டால், முதல் கார்டைத் தொட்ட கணத்தில் ஸ்டைலும் பதிவும் ஒன்றாகத் தொடங்கும்.

கார்டு மாற்றும் நேரம்தான் நல்ல ட்ராக்கையும் சுமாரான ட்ராக்கையும் பிரிக்கிறது. பாரின் முதல் பீட்டில் பேஸ் கிதார் எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்பதை, அந்தக் கணத்தில் கீபோர்டு அறிந்துள்ள கார்டு முடிவு செய்கிறது. நீங்கள் சற்றே தாமதமாக ஏ மைனரைப் பிடித்தால், பேஸ் முதலில் பழைய சி-யை வாசித்துவிட்டு உடனே ஏ-க்குத் தாவும். கேட்பவருக்கு அது படியில் கால் இடறியது போல இருக்கும். பியானோவில் பீட்டின் மேலேயே வாசிக்கப் பழகிய கைக்கு இது புதிதாகத் தோன்றும், ஆனால் ஸ்டைலோடு வாசிக்கும்போது இழையளவு முந்திப் பிடிப்பதே சரி. ஒரு பீட்டின் எட்டில் ஒரு பங்கு முந்தினால் போதும். 96 டெம்போவில் அது ஏறத்தாழ 80 மில்லி விநாடி. அதைவிட அதிகமாக முந்தினால் முந்தைய பாரின் கடைசி அடி புதிய கார்டில் விழுந்துவிடும். இதற்கு உதவியாக ஒன்று உண்டு: கார்டைப் பிடித்துக் கையை எடுத்துவிட்டாலும் ஸ்டைல் அந்தக் கார்டிலேயே தொடர்ந்து ஓடும். எனவே மூன்றாம் பீட்டிலேயே கையைத் தூக்கி, அடுத்த கார்டின் வடிவத்தில் விரல்களை விசைகளுக்கு மேலே தயாராக வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்று விரல்களும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும் என்பதும் முக்கியம். ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினால், முதல் இரு சுரங்களை மட்டும் கண்ட கீபோர்டு ஒரு கார்டாகவும், மூன்றாவது வந்தபின் இன்னொரு கார்டாகவும் எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஃபில்-இன் என்பது பகுதி மாறப்போகிறது என்று பாடுபவருக்குச் சொல்லும் அறிவிப்பு. பல கீபோர்டுகளில் பொத்தானை அழுத்திய இடத்திலிருந்து அந்தப் பாரின் முடிவு வரை ஃபில் ஓடி, அடுத்த பாரில் புதிய மெயின் பகுதி தொடங்கும். ஆகவே மூன்றாம் பீட்டில் அழுத்தினால் இரண்டு பீட் ஃபில் கிடைக்கும். மென்மையான பாடலுக்கு அதுவே அளவு. பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது ஒன்று, சரணத்திலிருந்து திரும்பும்போது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பாருக்கு ஒருமுறை டிரம்ஸ் உருண்டால், எது அறிவிப்பு என்று பாடுபவருக்குத் தெரியாமல் போய்விடும்.

கையால் வாசிக்கும் இரண்டாவது அடுக்கு

கார்டு ட்ராக் முடிந்ததும் அதை ஒலிக்கவிட்டு, வேறொரு ட்ராக்கில் ஸ்டிரிங்ஸ் அல்லது மென்மையான பியானோவில் நீண்ட கார்டுகளைச் சேர்க்கலாம். இயந்திரம் வாசித்ததன் மேல் மனிதக் கை படுவது இங்கேதான். நடு சி-யைச் சுற்றி நெருக்கமாகப் பிடித்து, பொதுவான சுரங்களை அசைக்காமல் வைத்திருப்பதே இதன் கலை. ஜி, சி, ஈ என்று சி மேஜரைப் பிடித்தால், ஏ மைனருக்கு ஜி மட்டும் ஏ-க்கு நகர்ந்தால் போதும். அங்கிருந்து எஃப் மேஜருக்கு ஈ மட்டும் எஃப் ஆகும். அங்கிருந்து ஜி மேஜருக்குப் போகும்போது மூன்று விரல்களும் கீழிறங்கி ஜி, பி, டி ஆகும், அதே நேரம் பேஸ் எஃப்-இலிருந்து ஜி-க்கு மேலேறும். கை விசைப்பலகை முழுவதும் தாவினால், பாடுபவரின் மெட்டோடு போட்டியிடும் இன்னொரு மெட்டு தன்னை அறியாமல் உருவாகிவிடும். ஒலியை நீட்டிக்கும் சஸ்டெய்ன் பெடலைக் கார்டு மாறும் கணத்தில் விட்டு, புதிய கார்டு ஒலித்த உடனே மீண்டும் மிதிக்க வேண்டும். முன்பே மிதித்தால் இரண்டு கார்டுகளும் கலந்து மங்கும்.

ஒலியாக மாற்றுதல்

சில மாடல்கள் யூ.எஸ்.பி. பென் டிரைவிலேயே வேவ் கோப்பாக ஒலிப்பதிவு செய்துவிடும். அந்த வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 எம்.பி. இடம் பிடிக்கும். பென் டிரைவைக் கீபோர்டில் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த வசதி இல்லையென்றால், ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் செலுத்தும் சிறு கருவி) வழியாகக் கணினிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஹெட்ஃபோன் துளை ஸ்டீரியோ. அதில் கிதாருக்கான மோனோ வயரைச் செருகினால் ஒரு பக்க ஒலி காணாமல் போகும். ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு மோனோ பின்னும் உள்ள ஒய் வயரே தேவை. கைப்பேசியின் மைக் துளையில் நேரடியாகச் செருக வேண்டாம். அது மைக்கின் நுண்ணிய சமிக்ஞைக்கானது என்பதால் கீபோர்டின் ஒலி அங்கே சிதைந்து பதிவாகும். கீபோர்டின் ஒலியளவைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, கணினியில் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையே நிற்கும்படி அமையுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதுமானது. தொடர்ந்து ஒரு இரைச்சல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும்.

எதிரொலியைக் குறைத்தே பதிவு செய்ய வேண்டும். அரங்கம் தன் எதிரொலியைத் தானே சேர்க்கும். சேர்த்ததை எடுக்க வழியில்லை.

டிரான்ஸ்போஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒருமுறை ஒரு பாடகிக்காக ஜி-யில் பதிவு செய்து, பிளஸ் ஒன்று வைத்து ஒத்திகை முடித்திருந்தேன். விழா நாளில் கீபோர்டை மேடையில் இயக்கியபோது டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது. அரைக்கட்டை இறங்கிய சுருதியில் அவர் முதல் வரியைத் தேடித் தடுமாறிய அந்தச் சில விநாடிகளை இன்றும் நினைக்கிறேன். அன்று முதல், இறுதிச் சுருதியில் எடுத்த ஒலிக்கோப்பு இல்லாமல் நான் மேடைக்குப் போவதில்லை. கோப்பின் பெயரிலேயே கட்டையையும் டெம்போவையும் எழுதிவிடுகிறேன். ட்ராக்கின் தொடக்கத்தில் ஷட்ஜமமும் பஞ்சமமும் இரண்டு பார் நீளம் ஒலித்து, அதன் பின் நான்கு பீட் எண்ணிக்கை வந்து, அப்புறமே முன்னிசை தொடங்கும்படி அமைக்கிறேன்.

பாடுபவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கோப்பு அப்படியே போய்ச் சேரும். அவர் இரண்டு நாள் பாடிப் பார்த்துவிட்டு, சரணத்துக்கு முன் மூச்செடுக்க இன்னும் ஒரு பார் வேண்டும் என்று நிச்சயம் சொல்வார். அந்த ஒரு பாரைச் சேர்த்து மறுபடி எடுக்க வசதியாக, கீபோர்டில் உள்ள கார்டு ட்ராக்கையும் காகிதத்தில் வரைந்த கட்டங்களையும் விழா முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.